புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி நிலையம்

சென்ற இதழில் தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிபாடுகள் பற்றி வெளியான படக்குறிப்பைப் படித்துவிட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் 1964ஆம் ஆண்டுப் புயலைப் பற்றியே கேட்கின்றன. அந்த இரவுக்கு முன்பு ஐம்பது ஆண்டுகள் அந்த நிலையம் நாள்தோறும் வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விரும்பியதால், கேள்விகளைக் கால வரிசையில் எடுத்துக்கொண்டேன்.

தனுஷ்கோடி ஒரு சிறிய மீனவக் கிராமம். ஆங்கிலேயர் அவ்வளவு செலவு செய்து அங்கே ஏன் ரயில் நிலையம் அமைத்தார்கள்? ராமேஸ்வரம் கோயிலுக்கு வரும் பக்தர்களுக்காகவா?
(காரைக்குடி வாசகர்)

பக்தர்களுக்காக என்றால் தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நின்றிருக்கும். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் போட்டது இலங்கைக்காக. அன்றைய பாதையைப் பார்த்தாலே இது விளங்கும். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஏறத்தாழ 10 கி.மீ. சென்று ராமேஸ்வரத்தில் முடிந்தது. மற்றொன்று ஏறத்தாழ 24 கி.மீ. நீண்டு தனுஷ்கோடிக்குப் போனது. கொழும்புப் பயணிகளை ஏற்றிவந்த வண்டி ராமேஸ்வரம் நிலையத்துக்குப் போகாமல் நேரே தனுஷ்கோடிக்குச் சென்றது.

அதற்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலேறினார்கள். அது நீண்ட கடல் பயணம். மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் மாதங்களில் அது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்பதைத் தென்கடற்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாரோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் சில மணி நேரத்தில் சேர்ந்துவிடக்கூடியது. மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902இலேயே திறக்கப்பட்டுவிட்டது. தடையாக நின்றது மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் இடையிலுள்ள பாம்பன் கால்வாய் ஒன்றுதான். 145 கண்களும், கப்பல் வரும்போது திறந்து வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதியும் கொண்ட பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டதும் அந்தத் தடை நீங்கியது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மறுகரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை இலங்கை ரயில் பாதையும் வந்து சேர்ந்தது.

ஆகவே இந்த நிலையம் ஓர் ஊருக்காகக் கட்டப்பட்டது அன்று. ஒரு கப்பலுக்காகக் கட்டப்பட்ட நிலையத்தைச் சுற்றி ஓர் ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம், ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பு ஆகியவற்றை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். பின்னால் ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது.

போட் மெயில் ரயிலை அப்படியே கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோனார்கள் என்று என் தாத்தா சொல்வார். அது உண்மையா? ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போக முடிந்ததா?
(விருத்தாசலம் வாசகர்)

இரண்டாவது பகுதி உண்மை, முதல் பகுதி உண்மையன்று. சென்னை எழும்பூரில் வாங்கிய பயணச்சீட்டு இந்த ரயில், கப்பல், அந்தப் பக்கத்து ரயில் மூன்றுக்கும் செல்லுபடியானது. எழும்பூரில் இரவில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடியில் கப்பலேறி, அன்று இரவே தலைமன்னாரில் ரயிலேறி, அதற்கடுத்த நாள் காலையில் கொழும்பில் இறங்கலாம். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது அதன் முறையான பெயர். மக்கள் வாயில் அது எப்போதும் போட் மெயில்தான்.

ரயில் பெட்டிகள் கப்பலில் ஏறவில்லை. அதற்குக் காரணம் தண்டவாளத்தின் அகலம். தென்னிந்திய ரயில்வே இந்தப் பகுதியில் போட்டிருந்தது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை; இலங்கையின் முதன்மைப் பாதைகள் ஐந்தரை அடி அகலமுள்ள பிராட் கேஜ். இங்கிருந்து போகும் பெட்டியை அங்கே தண்டவாளத்தில் இறக்கி ஓட்ட முடியாது. ஆகவே வண்டி துறைமேடை வரை சென்று நின்றது. பயணிகள் இறங்கி நடந்து கப்பலில் ஏறினார்கள். அரிசி மூட்டைகள், துணிப் பொதிகள், கருவாட்டுக் கட்டுகள் எல்லாவற்றையும் ஆட்கள் சுமந்து மாற்றினார்கள். தனுஷ்கோடியில் அத்தனை சுமைதூக்கும் தொழிலாளர்கள் வாழ்ந்ததற்கு இந்த அகல வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இரு கரையிலும் ஒரே அகலம் இருந்து பெட்டிகள் நேரே கப்பலுக்குள் போயிருந்தால் தனுஷ்கோடி வண்டிகள் கடந்துபோகும் ஓர் இடமாக மட்டுமே இருந்திருக்கும்.

இர்வின், கோஷன் என்ற பெயர்கள் கொண்ட நீராவிக் கப்பல்களை அந்தக் கால முதியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். உங்கள் தாத்தா கப்பலையும் ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கக்கூடும். துறைமேடையில் வண்டியை ஒட்டியே கப்பல் நின்றதால், ரயில் கப்பலுக்குள் போகிறது என்று ஒரு சிறுவனுக்குத் தோன்றியிருப்பது இயல்பே.

என் பூட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். மண்டபத்தில் அடைத்து வைத்திருந்து பிறகுதான் அனுப்பினார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். தனுஷ்கோடி நிலையத்துக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே?
(ஹட்டன், இலங்கை வாசகி)

நியாயமான வருத்தம். போட் மெயில் என்றால் முதல் வகுப்புப் பெட்டியையும், உணவு மேசையையும், தொப்பி அணிந்த துரைமார்களையும் பற்றி எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த வழியில் போனவர்களில் மிகப் பெரும் பகுதியினர் உங்கள் பூட்டனாரைப் போன்ற தொழிலாளர்கள். தனுஷ்கோடி நிலையத்தின் வரலாறு என்று ஒன்று எழுதப்பட்டால் அதன் முதல் அத்தியாயம் அவர்களைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் சொல்லிவந்தது சரிதான். காலரா, அம்மை, பிளேக் ஆகிய நோய்கள் தீவுக்குள் நுழையாமல் தடுப்பதற்காக இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே ஒரு முகாம் நடத்தியது. தூத்துக்குடி வழியாகப் போன காலத்தில் அது தட்டப்பாறையில் இருந்தது. தனுஷ்கோடி வழி திறந்த பிறகு மண்டபத்துக்கு வந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த மேற்பார்வையாளரான கங்காணி அழைத்துவந்த குடும்பங்களை அங்கே சில நாட்கள் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, அம்மை குத்தி, நோயில்லை என்று தெரிந்த பின்னரே தனுஷ்கோடிக்கு ரயிலேற்றினார்கள். மேல் வகுப்புப் பயணிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஒரே பாதையில், ஒரே கப்பலை நோக்கிப் போனவர்களில் ஒரு சாராருக்கு அது ஓர் இரவுப் பயணம். மற்றொரு சாராருக்குக் கம்பி வேலிக்குள் பல நாட்கள்.

தகர வில்லை என்ற ஒன்றைப் பற்றி உங்கள் குடும்பத்தில் யாரேனும் பேசக் கேட்டிருக்கிறீர்களா? 1901 முதல் நடைமுறைக்கு வந்தது அது. சிறிய உலோக வில்லையொன்றில் தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வைத்திருப்பவரிடம் பணம் கேட்காமல் முகாமிலிருந்து தோட்டம் வரை அனுப்பிவைப்பார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். அதன் சுமை கடனாகத் தொழிலாளியின் தலையில் வந்து விழுந்த கதை மலையகக் குடும்பங்கள் நன்கறிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தாம் எந்த மலையில் எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்பதை அறியாமலேயே, கையிலிருந்த எண்ணை நம்பி அந்த நிலையத்தில் இறங்கிக் கப்பலை நோக்கி நடந்திருக்கிறார். பழைய பெட்டிகளில் அப்படி ஒரு வில்லை கிடைத்தால் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். அதிலுள்ள எண்ணைக் கொண்டு தோட்டத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு.

1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆட்கள் போவதைத் தடை செய்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அவர்கள் திரும்பிவர வேண்டிய வாசல் தனுஷ்கோடிதான். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அந்த வாசலைக் கடல் கொண்டுபோயிற்று. திரும்பியவர்கள் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்; அவர்களில் பலர் அங்கிருந்து மீண்டும் அதே மண்டபம் முகாமுக்குப் போனார்கள். பூட்டனாரைப் பல நாட்கள் அடைத்துவைத்த இடத்திலேயே பேரப்பிள்ளைகளும் தங்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. 1983க்குப் பின் வந்த ஈழ அகதிகளுக்கும் அந்த இடமே முகாமாயிற்று. மண்டபம் கேம்ப் என்று இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் 'கேம்ப்' எது என்று தெரியும்?

புயல் இரவில் சிக்னல் கிடைக்காமலேயே ஓட்டுநர் வண்டியை எடுத்ததுதான் அத்தனை உயிர்கள் போனதற்குக் காரணம் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். சரியா?
(திருவாரூர் வாசகர்)

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, நள்ளிரவு கடந்து தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் பேரலையில் சிக்கியது. ரயில்வே கணக்கின்படி அதில் இருந்தவர்கள் 110 பயணிகளும் 5 ஊழியர்களும். எவரும் பிழைக்கவில்லை. பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்று அந்த வட்டாரத்தில் அன்றிலிருந்தே சொல்லிவருகிறார்கள்.

எவரும் பிழைக்கவில்லை என்ற அந்தச் சொற்றொடரில் சற்று நில்லுங்கள். நிலையத்துக்குச் சற்று முன்பே இருக்கும் அவுட்டர் சிக்னலில் வண்டி நின்றது, ஓட்டுநர் நெடுநேரம் விசில் கொடுத்தார், பொறுமையிழந்து துணிந்து எடுத்தார் என்று காணொளிகளில் விரிவாக வரும் காட்சியை நேரில் கண்டு சொல்ல யார் இருந்தார்கள்? சிக்னல் செயலிழந்திருந்தது என்பதிலிருந்து, ரயில்வே நடைமுறை தெரிந்தவர்கள் ஊகித்துச் சொன்னதாகவே அதைக் கொள்ள வேண்டும். அக்காலத்துக் கைகாட்டி சிக்னலில் இரவுக்கு எண்ணெய் விளக்கு ஏற்றிவைப்பார்கள். அந்தக் காற்றில் அது அணையாமல் நின்றிருக்க வழியில்லை. விளக்கு தெரியாவிட்டால் அதைச் 'சிவப்பு' என்றே எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. ஓட்டுநர் நின்றார் என்பது அதனால்தான் நம்பத் தக்கதாக இருக்கிறது.

நின்றபடியே இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா? இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல் திட்டு அது. அவுட்டர் சிக்னலுக்கும் நிலையத்துக்கும் இடையே மேடான இடம் கிடையாது. அலை வண்டியை மட்டும் தேடி வரவில்லை. நிலையத்தையும், துறைமேடையையும், ஊரையும் சேர்த்தே அடித்தது. தந்தி, தொலைபேசிக் கம்பிகள் அறுந்திருந்ததால் பின்னால் இருந்த நிலையத்துக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. தம் தரப்பைச் சொல்ல உயிரோடு இல்லாத ஒரு தொழிலாளியின் மீது அறுபது ஆண்டுகள் கழித்துப் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. அத்தகைய வானிலையில் பாம்பனிலிருந்து வண்டியை அனுப்பியது ஏன் என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. அந்தக் கேள்வி ஓட்டுநரைப் பற்றியதன்று. புயல் எச்சரிக்கை கடைசி நிலையம் வரை போய்ச் சேர அன்று என்ன ஏற்பாடு இருந்தது என்பதைப் பற்றியது.

இப்போது சுற்றுலா போகிறவர்கள் பார்க்கும் அந்தக் கற்தூண்கள் என்ன?
(நாமக்கல் வாசகர்)

நீராவி என்ஜின்களுக்கு நீர் நிரப்பிய தொட்டியைத் தாங்கியவை. கடைசி நிலையத்துக்கு வந்த என்ஜின் திரும்பிப் போகவும் நீர் வேண்டும். கடல்நீரைக் கொதிகலனில் ஊற்ற முடியாது. உப்புக் கடல் நடுவே நல்ல நீர் ஏது என்று தோன்றலாம். தனுஷ்கோடி மணலில் சிறிது ஆழம் தோண்டினாலே குடிக்கத் தக்க நீர் ஊறும். அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்கள் இன்றும் அப்படித்தான் ஊற்றுத் தோண்டி அகப்பையால் நீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

பாம்பன் பாலத்தை உடனே சரிசெய்த ரயில்வே, தனுஷ்கோடி நிலையத்தை மட்டும் ஏன் கைவிட்டது? மீண்டும் ரயில் வருமா?
(சிவகங்கை வாசகர்)

பாலத்தின் கதை பெருமைக்குரியதுதான். புயலில் பெரும்பாலான உத்தரங்கள் கடலில் விழுந்துவிட்ட நிலையில், பின்னாளில் கொங்கன் ரயில்வேயாலும் டெல்லி மெட்ரோவாலும் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலில் கிடந்தவற்றை மீட்டுத் தூக்கி 46 நாட்களில் வண்டி ஓடச் செய்தார். ஆனால் பாலம் ராமேஸ்வரத்துக்கும் தேவை. தனுஷ்கோடிப் பாதை கப்பலுக்கு மட்டுமே தேவை. அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. கப்பல் போன பிறகு நிலையத்துக்கு வேலையில்லை. அந்தக் கப்பலும் இலங்கையில் போர் மூண்டதால் 1980களில் நின்றுபோயிற்று. போட் மெயில் என்ற பெயரில் எழும்பூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இன்றும் வண்டி ஓடுகிறது. அதன் பெயரில்தான் படகு மிஞ்சியிருக்கிறது.

2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கி.மீ. நீளத்தில் 208 கோடி ரூபாய் மதிப்பீட்டில் புதிய பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே விழாவில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது; தனுஷ்கோடிப் பாதை அடிக்கல்லைத் தாண்டவில்லை. 2017 முதல் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருப்பதால், சுற்றுலாவுக்கு மட்டும் ரயில் வேண்டுமா என்பது என் ஐயம். மணல் திட்டின் மீது மீண்டும் கரை எழுப்பித் தண்டவாளம் போடுவது அந்த இடத்தின் இயல்புக்கு நல்லதன்று. மறுகரையில் போரின்போது அழிந்த தலைமன்னார்ப் பாதை மட்டும் இந்திய நிறுவனமான இர்கானால் திரும்பப் போடப்பட்டு 2015 மார்ச்சில் துறைமேடை நிலையம் வரை திறக்கப்பட்டிருக்கிறது. கப்பல் திரும்ப வந்தால் என் கருத்தையும் மாற்றிக்கொள்வேன்.

எங்கள் ஊரிலும் மூடப்பட்ட சிறிய ரயில் நிலையம் ஒன்று பாழடைந்து நிற்கிறது. அதற்குப் புயலும் இல்லை, போட் மெயிலும் இல்லை. அதன் வரலாற்றை எங்கே தேடுவது?
(பட்டுக்கோட்டைப் பகுதி வாசகி)

புயல் இல்லாத நிலையத்துக்கும் வரலாறு உண்டு. யாரும் கேட்காததால் எழுதப்படாமல் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். ஊரின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் ரயில்வேக்குரிய நிலம் தனிப் புல எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். கட்டடம் மறைந்த இடத்திலும் பாதை எந்த வழியாகப் போனது, சரக்கு இறக்க எவ்வளவு இடம் விடப்பட்டிருந்தது என்பதை அந்தப் படம் காட்டிவிடும். ஊரின் அளவுக்குப் பொருந்தாத அகலத்தில் நிலம் விடப்பட்டிருந்தால், உங்கள் நிலையம் நெல்லோ உப்போ ஏற்றிய இடமாக இருந்திருக்கலாம். அடுத்ததாக இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களைப் பாருங்கள். வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை அருகருகே வைத்தால் நிலையம் எப்போது தோன்றியது, எப்போது மறைந்தது என்று தோராயமாகத் தெரியும்.

நிலம் எடுத்த ஆணைகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன்பு உங்கள் பகுதி தென்னிந்திய ரயில்வேயின் கீழ் இருந்ததால், தேடும்போது அந்தப் பெயரில் தேடுங்கள். பழைய கால அட்டவணைகள் கிடைத்தால் விடவே விடாதீர்கள். நாளுக்கு எத்தனை வண்டி நின்றது, எந்த ஆண்டில் நிலையம் ஹால்ட்டாக, அதாவது வண்டி சற்றே நின்றுபோகும் சிறு நிறுத்தமாகக் குறைக்கப்பட்டது, எந்த ஆண்டில் அதன் பெயரே பட்டியலிலிருந்து போனது என்று அவை சொல்லிவிடும். திருச்சி ரயில் அருங்காட்சியகத்திலும் சென்னை பெரம்பூர் அருங்காட்சியகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆவணங்கள் ஆண்டுகள் கடந்தும் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே காப்பகத்துக்குப் போகும் முன் தண்டவாளம் பராமரித்த கேங்மேன், தடம் மாற்றிவிட்ட பாயின்ட்ஸ்மேன் ஆகியோரில் ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்களைப் பாருங்கள். நிலைய அதிகாரி இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். தண்டவாளத்தைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அப்துல் கலாம் தம் சிறுவயதைப் பற்றி எழுதும்போது, போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்காமல் போனதால், தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைத் தாம் பிடித்துச் சேகரித்ததைச் சொல்கிறார். அந்தக் கட்டுகள் எங்கே விழுந்தன என்று எந்த ரயில்வே அறிக்கையும் எழுதிவைத்திருக்காது. பெரியவர்களைப் பார்க்கும்போது பொதுவாகப் பழைய கதை கேட்காமல், முதல் வண்டி எத்தனை மணிக்கு வந்தது, அதில் எதை ஏற்றினார்கள், யார் இறங்கினார்கள், கடைசி வண்டி எது என்று குறிப்பாகக் கேளுங்கள். பதிலோடு சொன்னவரின் வயதையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். திரட்டியதை எனக்கு அனுப்பினால் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிட ஆசிரியரிடம் இடம் கேட்டிருக்கிறேன்.